"சிகிச்சையை மறுத்தார்" என்று எழுதுமுன்: அவுஸ்திரேலியாவில் பணியாற்றும் தமிழ் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள வைத்தியர்களே, தாதியரே,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு நேரே தெரியாது. ஆனால் நீங்கள் வந்த வழி தெரியும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ படித்து, இங்குள்ள பரீட்சைகளையும் எழுதி முடித்திருப்பீர்கள். வெளிநாட்டில் பட்டம் பெற்ற வைத்தியர் மெடிகேர் என்ற அரச மருத்துவக் காப்புறுதி வழியாகப் பணம் பெற வேண்டுமானால் பொதுவாக 10 வருடம் வைத்தியர் தட்டுப்பாடுள்ள இடங்களில் வேலை செய்தாக வேண்டும் என்பது விதி. அந்த விதி உங்களைச் சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் வெகு தூரத்தில், செம்மண் ஊர் ஒன்றில் கொண்டுபோய் இறக்கியிருக்கும். கோயிலும் இல்லை, தமிழ்க் கடையும் இல்லை. கதைக்க ஓர் ஆள் கிடைப்பதே அரிது. அங்கே உங்கள் முன் வந்து உட்காருகிறவர்களில் பலர் இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு அரைநாள் வகுப்பொன்று எடுத்திருப்பார்கள். அந்த அரைநாளில் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு தாதி. 1984இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். மத்திய அவுஸ்திரேலியாவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். முதலில் சிறுவர் வாட்டில், பிறகு டயலிசிஸ் பிரிவில். இப்போது ஓய்வில் இருக்கிறேன். நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். முப்பது வருடமாக அது என் நெஞ்சில் கிடக்கிறது.

1996இல் ஒருநாள், ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவனுடைய பாட்டி கொண்டுவந்தார். மூட்டுகள் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. ருமாட்டிக் காய்ச்சல். இதயத்தைக் கெடுக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்களில் இருந்து வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த நோய். இங்கே நகரத்தில் பிறந்து படித்த வைத்தியர்களில் பலர் அதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருப்பார்கள். பையனை வாட்டில் சேர்த்தோம். பாட்டி கட்டிலருகே நிலத்தில் இருந்தார். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. இரவு பார்வையாளர் நேரம் முடிந்ததும், "நீங்கள் போகலாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று அன்பாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. விடிய ஐந்து மணிக்குக் கட்டில் வெறுமையாக இருந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதவால் போய்விட்டார்.

கோப்பில் நான் எழுதினேன்: "பாதுகாவலர் சிகிச்சையை மறுத்தார். ஒத்துழைப்பில்லை." பொறுப்பாக நடந்துகொண்டேன் என்றும் நினைத்தேன். பிள்ளைகள் நலத் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

எங்கள் வாட்டுக்கு வரும் பூர்வகுடித் தொடர்பு அலுவலர் அந்தத் தொலைபேசியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பாட்டி அவருக்கு ஒரு முறையில் பெரியம்மா. அவர் சொன்னது இது. பாட்டி சிறுமியாக இருந்தபோது அவருடைய தம்பிக்கு இருமல் வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். "நீங்கள் போகலாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். பிள்ளைக்குச் சுகம் வந்தது, ஆனால் வீட்டுக்கு வரவில்லை. எங்கோ ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் மாதக்கணக்காக வேலியருகே வந்து நின்றுவிட்டுப் போவாராம். அந்தத் தம்பியைக் குடும்பம் திரும்பக் காணவே இல்லை.

அதே வசனத்தை நான் சொல்லியிருக்கிறேன். வெள்ளைச் சீருடையில் நின்று சொல்லியிருக்கிறேன்.

அது தற்செயலாக நடந்த ஒரு கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின்படி நடந்தது. 1869இல் விக்டோரியாவில் தொடங்கி, 1897இல் குயின்ஸ்லாந்து, 1905இல் மேற்கு அவுஸ்திரேலியா, 1909இல் நியூ சவுத் வேல்ஸ் என்று ஒவ்வோர் இடமாகப் "பாதுகாப்பு" என்ற பெயரில் சட்டங்கள் வந்தன. மேற்கு அவுஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயது வரை பூர்வகுடிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சட்டபூர்வப் பாதுகாவலர் தலைமைப் பாதுகாவலர் என்ற அரச அதிகாரிதான். தாய் இல்லை, தகப்பனும் இல்லை. பிள்ளையை எடுத்துப்போக நீதிமன்றம் கூடத் தேவைப்படவில்லை. 1997இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் 10 பேருக்கு ஒருவர் முதல் 3 பேருக்கு ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. பத்துக்கும் மூன்றுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எடுத்துப்போனவர்கள் ஒழுங்காகக் கணக்குக்கூட வைக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் கெம்ப்சி என்ற ஊருக்கு அருகே கின்செலா என்ற ஆண் பிள்ளைகள் இல்லம் 1924 முதல் 1970 வரை இயங்கியது. அங்கே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இலக்கம் சொல்லித்தான்.

இந்த வரலாற்றில் நம் தொழிலுக்கு உள்ள பங்கை ஒருவரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. குயின்ஸ்லாந்தின் வடபகுதிக்கு முதல் பாதுகாவலராக இருந்த வோல்டர் ரோத் ஒரு வைத்தியர். 1927 முதல் 1939 வரை டார்வினில் தலைமை மருத்துவ அதிகாரியாகவும் தலைமைப் பாதுகாவலராகவும் ஒருங்கே இருந்த செசில் குக்கும் வைத்தியர்தான். நோய் பார்த்த கையே பிள்ளைகளைப் பிரிக்கும் உத்தரவிலும் ஒப்பமிட்டது. கலப்பில் பிறந்த பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக வெள்ளையருக்கே மணமுடித்து வைத்தால் "நிறத்தை அழித்துவிடலாம்" என்று குக் எண்ணினார். அதையே கொள்கையாகவும் நடத்தினார்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் கடற்கரைக்கு அப்பால் பெர்னியர், டோர் என்று இரண்டு தீவுகள். 1908 முதல் 1919 வரை அங்கே "பூட்டு வைத்தியசாலைகள்" இருந்தன. பாலியல் நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட பூர்வகுடி மக்களைப் பொலிஸ்காரர்கள் பிடித்து, பலரைக் கழுத்தில் சங்கிலி பூட்டி, நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் ஒரு தீவுக்கு, பெண்கள் மற்றத் தீவுக்கு. நோயைக் கண்டுபிடித்தது பல இடங்களில் வைத்தியரே அல்ல, பொலிஸ்காரர். போனவர்களில் பலர் திரும்பவில்லை. குயின்ஸ்லாந்தில் பாம் தீவுக்குப் பக்கத்தில் ஃபான்டம் தீவு. அங்கேயும் 1928 முதல் பூட்டு வைத்தியசாலை, பிறகு 1973 வரை தொழுநோயாளர் முகாம். 1973 என்பது எங்கள் காலம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ஊர் வைத்தியசாலைகள் பலவற்றில் பூர்வகுடிப் பெண்கள் பிள்ளை பெற்றது வெராந்தாவில், அல்லது கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தனி அறையில். அப்படிப் பிறந்தவர்கள் இன்று அறுபது எழுபது வயதில் உங்கள் அறைக்கு வருகிறார்கள். "ஏன் அம்மா இவ்வளவு பிந்தி வந்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள்.

அந்தக் காயம் எப்படிப் பேரப்பிள்ளையின் உடம்பு வரை வருகிறது? இதை ஒரு புதிர்போலச் சொல்லும் பேச்சு இப்போது அதிகம். மரபணுவின் மேல் அனுபவம் விட்டுச் செல்லும் தடங்களைப் பற்றிய ஆய்வுகள் உண்மையானவைதான். 1944–45இல் நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களுக்குப் பல்லாண்டு கழித்தும் அதன் விளைவு தெரிந்தது. ஆனால் "அது அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது" என்ற வாக்கியத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டும். அரை இரத்தம், கால் இரத்தம், எட்டில் ஒரு பங்கு இரத்தம் என்று மனிதரை அளந்துதான் அந்தப் பாதுகாவலர்கள் பிள்ளைகளைப் பிரித்தார்கள். இரத்தத்தைத் தேடிப் போவதற்கு முன், கண்ணுக்கு முன்னால் கிடப்பதைப் பார்ப்போம்.

சொந்த நிலத்தில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் உண்டவர்களைக் கிறிஸ்தவ மிஷன்களிலும் ஒதுக்கிடங்களிலும் அடைத்து, மாவும் சீனியும் தேயிலையும் பங்கீடாகக் கொடுத்தார்கள். பல தலைமுறை அதுதான் சாப்பாடு. வேலைக்குக் கூலி கொடுக்கவில்லை. கொடுத்ததையும் அரசே பிடித்து வைத்துக்கொண்டது. குயின்ஸ்லாந்து அரசு இதற்காக 190 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடிக்க 2019 ஆகிவிட்டது. அரைவயிற்றுத் தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும். எடை குறைந்து பிறந்த பிள்ளையின் சிறுநீரகத்தில் வடிகட்டும் நெஃப்ரோன்களும் குறைவாக இருக்கும். டார்வினுக்கு வடக்கேயுள்ள திவித் தீவுகளில் வெண்டி ஹோய் என்ற வைத்திய ஆய்வாளர் பல வருடம் இதைத்தான் ஆராய்ந்தார். அந்தப் பிள்ளை நெருக்கமான வீட்டில் வளர்ந்து, தொண்டையிலும் தோலிலும் ஸ்ட்ரெப் கிருமி திரும்பத் திரும்பத் தொற்றி, பிறகு மலிவான சீனித் தண்ணீர்ப் போத்தல்களோடு நீரிழிவும் வந்தால், நாற்பது வயதில் என் டயலிசிஸ் கதிரையில்தான் வந்து இருக்கும். நான் ஊசி ஏற்றிய கைகளில் எத்தனையோ என் பிள்ளைகளைவிட இளையவை.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1982இல் கெரின் ஓடே என்ற ஆய்வாளர், மேற்கு அவுஸ்திரேலியாவின் டார்பி பகுதியில் நீரிழிவு இருந்த பூர்வகுடியினர் 10 பேரோடு அவர்களுடைய பாரம்பரிய நிலத்துக்குப் போனார். ஏழு வாரம் அவர்கள் தாங்களே வேட்டையாடிச் சேகரித்துச் சாப்பிட்டார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. இரத்தச் சீனி வியக்கத்தக்க அளவு இறங்கியது. ஏழே வாரம்! இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. இந்த நோய்க்கு மருந்தான நிலத்திலிருந்து அவர்களை விரட்டிவிட்டுத்தான் நாம் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மனத்தின் பாதையும் இப்படித்தான். விடுதியில் இலக்கமாக வளர்ந்த பெண் குழந்தையை யாரும் மடியில் வைத்துத் தலை கோதவில்லை. அவள் தாயானபோது, பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று பார்த்துப் பழக அவளுக்கு ஒரு தாய் இருக்கவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்துப் பழகியவளும் அவள்தான். அந்தப் பயத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதையே உலகம் என்று படிக்கும். 2000த்தின் தொடக்கத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளின் நலம் பற்றி நடந்த பெரிய ஆய்வில், வளர்ப்பவர் பலவந்தமாகப் பிரிக்கப்பட்டவராக இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கடுமையான மன, நடத்தைச் சிக்கல்கள் வரும் ஆபத்து 2 மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். தேசிய சுகாதார, நலவியல் நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொன்னது. இப்படிப் பிரித்தெடுக்கப்பட்டவர்களை இங்கே திருடப்பட்ட தலைமுறை என்பார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு உடல்நலம் மோசமாக இருக்கும் வாய்ப்பு, மற்றப் பூர்வகுடிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டாலும், 1.8 மடங்கு. வெள்ளைப் பிள்ளைகளோடு அல்ல, தங்கள் சொந்தச் சமூகத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட கணக்கு இது.

இன்றும் அந்தக் கதவு தட்டப்படுகிறது. குடும்பத்திலிருந்து பிரித்து அரச பராமரிப்பில் வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளில் 10 பேரில் 4 பேருக்கு மேல் பூர்வகுடியினர். நாட்டின் பிள்ளைகளில் அவர்கள் 6 வீதம் அளவுதான். 2008 பெப்ரவரி 13ஆம் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது வாட்டில் தொலைக்காட்சியைச் சுற்றி நின்று நாங்கள் எல்லோரும் அழுதோம். அதற்குப் பிறகும் எண்ணிக்கை ஏறித்தான் இருக்கிறது. பூர்வகுடி ஆண்கள் மற்றவர்களைவிட 8.8 வருடமும் பெண்கள் 8.1 வருடமும் குறைவாக வாழ்கிறார்கள் என்பது 2020–22ஆம் ஆண்டுக் கணக்கு.

இப்போது நமக்குள் ஒரு பேச்சு. நம் விருந்துகளில், பிறந்தநாள் கொண்டாட்டங்களில் நான் கேட்டது: "அரசாங்கம் எவ்வளவு குடுத்தாலும் அதுகள் திருந்தாதுகள்." அதுகள். மனிதரைச் சொல்லும்போது நம் நாக்கில் வரும் அந்தச் சொல்லை ஒருமுறை நின்று கேளுங்கள். "நாங்களும்தான் எல்லாத்தையும் இழந்து வந்தோம், முன்னேறேல்லையா?" என்பது அடுத்த வரி. இழந்தோம், உண்மை. ஜூலை 83ஐ நான் கண்ணால் பார்த்தவள். என் மகன் இந்த நாட்டில் பிறந்தவன். ஆனாலும் பட்டாசுச் சத்தத்துக்கு என் கை நடுங்குவதைப் பார்த்து அவனும் நடுங்கப் பழகினான். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல வைத்தியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமக்கும் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது நம்மைப் பற்றி. ஆகவே காயம் தலைமுறை தாண்டும் என்று நம்புவதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் நான் தாயின் மொழியோடு வந்தேன். என் பெயரோடும் சமையலோடும் பட்டத்தோடும் வந்தேன். என் பிள்ளையை எவரும் எடுத்துப்போகவில்லை. அந்தப் பாட்டியிடம் இருந்து சட்டம் போட்டுப் பறித்தது இவை எல்லாவற்றையும்தான். நமக்கு அடைக்கலம் தந்தது எந்த நிலம் என்பதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். தொடர்பு அலுவலரும் நானும் அன்று பின்னேரம் அவர்கள் இருந்த இடத்துக்குப் போனோம். நான் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றேன், அவர்தான் கதைத்தார். பாட்டியும் பையனும் திரும்பி வந்தார்கள். பையனின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாட்டிக்கு இன்னொரு மெத்தை போட்டுத் தந்தோம். அவ்வளவுதான் தேவைப்பட்டது, ஒரு மெத்தை. பிறகு ஒவ்வொரு 28 நாளுக்கும் பெனிசிலின் ஊசி போட அவனைத் தவறாமல் கொண்டுவந்தார். நான் மறுத்தார் என்று எழுதிய அதே மனுஷி.

பல வருடம் கழித்து அவரும் என் டயலிசிஸ் பிரிவுக்கு வந்தார். வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். நானும் பேச்சை நிறுத்தக் கற்றேன். டேலி ஆற்றங்கரையின் மூத்தவரான மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பவுமன் "தடிரி" என்ற தங்கள் சொல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆழமாக, அவசரமில்லாமல், அமைதியில் இருந்து கேட்பது. ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "உன் அம்மா எங்கே?" ஊரில் செத்துவிட்டார், பாதை பூட்டியிருந்ததால் நான் போக முடியவில்லை என்றேன். அவர் ஊசி இல்லாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான்கு மணிநேரமும் விடவில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. "சாரி பிசினஸ்" என்று சொல்லி ஒருவர் கிளினிக்குக்கு வராவிட்டால், அது செத்தவீடு. நம் ஊரில் எட்டும் முப்பத்தொன்றும் எப்படியோ, அப்படி. வருகையில்லை என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். "ஃபினிஷ் அப்" என்றால் இறப்பது. ஆகவே மருந்தை முழுதும் முடிக்கச் சொல்லும்போது அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள். கண்ணை நேரே பார்க்காமல் பேசினால் அது மரியாதை, மறைப்பு இல்லை. நம் அம்மம்மாமாரும் பெரிய டொக்டர் முன் அப்படித்தான் இருந்தார்கள். திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமை சட்டப்படி உங்களுக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து உடனடியானதல்ல என்றால், அந்தத் தொலைபேசியை எடுக்குமுன் தொடர்பு அலுவலரிடம் ஐந்து நிமிடம் இருந்து கேளுங்கள். தாய்க்கு வாயால் சொல்லாமல் அறிக்கை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

நம் தமிழ் வைத்தியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வருடாந்த ஒன்றுகூடலில் இரவு விருந்துக்கும் ஆடலுக்கும் செலவு செய்கிறீர்கள், செய்யுங்கள். அதில் ஒரு காலைப் பொழுதைப் பூர்வகுடி மக்களே நடத்தும் சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து வருகிறவருக்குக் கொடுங்கள். பேசுவதற்கான பணத்தையும் கொடுங்கள். இலவசமாகத் தங்கள் துயரத்தைச் சொல்லிச் சொல்லி அவர்கள் களைத்துவிட்டார்கள். 1971இல் ரெட்ஃபெர்னில் தொடங்கிய முதல் நிலையத்துக்குப் பிறகு இப்போது நாடெங்கும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பாலைவனத்தின் கின்டோர் ஊரார் டயலிசிஸுக்காக 500 கிலோமீட்டருக்கும் அப்பால் அலிஸ் ஸ்பிரிங்ஸ் போய், சொந்தமில்லாமல் கிடந்து சாவதைப் பொறுக்காமல், 2000இல் தங்கள் ஓவியங்களை ஏலம் விட்டு ஒரு மில்லியன் டொலருக்கு மேல் சேர்த்தார்கள். நான்கு வருடத்தில் இயந்திரம் ஊருக்கே வந்தது. இன்று "பர்ப்பிள் ஹவுஸ்" என்ற பெயரில் எத்தனையோ தொலைவூர்களில் அது ஓடுகிறது. அவர்களிடம் போய் வேலை கேளுங்கள். உங்கள் 10 வருடத்தில் இரண்டையாவது அவர்களுக்குக் கீழ் செய்யுங்கள். அவர்கள் தலைமை, நீங்கள் உதவி.

அந்த இரவின் கோப்பை இன்று எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்:

"பாட்டி பயந்திருக்கிறார். சிறுவயதில் இவருடைய தம்பியை வைத்தியசாலையிலிருந்து எடுத்துப்போய்விட்டார்கள். பேரனோடு இரவு தங்க மெத்தை போடவும். விளக்கை அணைக்க வேண்டாம். காலையில் தொடர்பு அலுவலர் வரும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அடுத்த ஊசி 28 நாளில்."

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி